இரும்புக்கு வேறு மெஷின்

எங்கள் ஷெட்டில் பாலிஷ் மெஷின்கள் இரண்டு. கதவோரம் இருந்தது இரும்புச் சாமான்களுக்கு. உள்ளே, வடக்குச் சுவரை ஒட்டி இருந்தது அலுமினியத்துக்கு. அந்த உள் மெஷினுக்கு மேலே சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கன்னடத்தில் ‘கப்பிண இல்லி பேட’ என்று எழுதியிருக்கும். இரும்பு இங்கே வேண்டாம் என்று அர்த்தம். எழுத்து அழிய அழிய, எழுதத் தெரிந்த யாரையாவது பிடித்து மறுபடி எழுதவைத்துவிடுவார் என் நங்கையா. அவருக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். மைசூரில் எட்டு வருடம் அந்த மெஷினில் நின்றவர் அவர். அவருக்குப் பக்கத்தில் தகர டப் முன்னால் உட்கார்ந்து நான் நாலு வருடம் எஞ்சின் சாமான்கள் கழுவினேன்.

பழைய மோட்டார் சைக்கிள்களைப் புதுப்பித்துக் கொடுக்கிற ஷெட் அது. ஐம்பது, அறுபது வருடத்து வண்டிகள் வரும். இந்த ஊரிலேயே ஒரு காலத்தில் செய்த வண்டிகளும் உண்டு, கப்பலில் வந்தவையும் உண்டு. மாட்டுக் கொட்டகையிலும் மாடிப்படிக்கு அடியிலும் கிடந்துவிட்டு வருபவை. எஞ்சின் மூடிகளில் உப்புப் பூத்த சுவர் மாதிரி வெள்ளை படிந்திருக்கும். தட்டுத் தட்டாக இருக்கும் சிலிண்டரின் இடுக்குகளில் எண்ணெயும் மண்ணும் தார்போல் இறுகியிருக்கும். அதை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பித்தளைப் பிரஷ்ஷும் மூங்கில் குச்சியும் கொண்டு சுரண்டுவது என் வேலை. இரும்புப் பிரஷ் ஆகாது, அலுமினியம் கீறிவிடும். பிறகு சோப்புத் தூள் தண்ணீரில் கழுவித் துடைத்து நங்கையாவின் பெஞ்சுக்கு அனுப்புவேன். அவர் முதலில் எமரி தாளைத் தண்ணீரில் நனைத்துக் கையாலேயே தேய்ப்பார். சொரசொரப்பான தாளில் தொடங்கி மழமழப்பான தாளுக்கு வருவார். ஒரு தாள் போட்ட கோடு அழியாமல் அடுத்த தாளைத் தொடமாட்டார். அதன்பின்தான் மெஷின். துணிச் சக்கரத்தில் பழுப்பு மெழுகுக் கட்டியைக் காட்டி ஒரு சுற்று, வெள்ளைக் கட்டியைக் காட்டி ஒரு சுற்று. கறுப்பாக ஒட்டியிருக்கும் மெழுகழுக்கை மைதா மாவு தூவித் துடைத்தால் அடியிலிருந்து ஒரு வெள்ளை வரும். அதை வேறு எதோடும் ஒப்பிட எனக்குத் தெரியவில்லை.

தேய்ந்து போகிற உலோகமெல்லாம் சக்கரத்துக்கு அடியில் இருந்த தகரப் பெட்டிக்குள் விழும். துணிச் சக்கரத்தின் பஞ்சோடும் மெழுகோடும் கலந்து, சாம்பல் நிறத் தூசியாகச் சேரும். கையில் எடுத்தால் திருநீறு மாதிரி இருக்கும். அதுதான் ஆபத்து. அலுமினியத் தூசியில் நெருப்புப் பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். அலுமினியத்தைத் தேய்த்தால் பொறி வராது, இரும்பைத் தேய்த்தால் வரும். அதனால்தான் இரும்புக்கு வேறு மெஷின். ஒருவேளை பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் சீறிக் கிளம்பும். உலர்ந்த மண்ணைப் போட்டு மூட வேண்டும். அதற்காக மணல் வாளி ஒன்று மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

“தூசி சும்மா கெடக்குதுன்னு நெனைக்காத புள்ள. பொறி பட்டா எந்திரிச்சு உக்காந்துக்கும். தண்ணிய மட்டும் கிட்டக் கொண்டாரவே கூடாது,” என்று நங்கையா சொல்லியிருந்தார். ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

எங்களுக்குள் பாசம் பொங்கிக்கொண்டிருந்தது என்று எழுதினால் அது பொய். எங்கள் ஊர் ராமாபுரத்தில் இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்து, நானும் என் கணவரும் மைசூருக்கு வந்தபோது நங்கையாவின் வீட்டில்தான் இறங்கினோம். இளம் வயதில் கணவரை இழந்து, குழந்தையும் இல்லாமல் தனியாக இந்த ஊருக்கு வந்து பிழைத்தவர் அவர். என் கணவர் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போனார். வீட்டில் எல்லாம் நங்கையா சொன்னபடி. குழம்பில் புளி கூடினால் சொல்லுவார். நான் அலசிய துணியை மறுபடி அலசுவார். ஷெட்டிலும் அப்படித்தான். நான் கழுவி அனுப்பிய மூடியின் திருகாணித் துளைக்குள் குச்சியை விட்டுப் பார்த்து, நுனியில் ஒரு பொட்டு அழுக்கு வந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தனி வீடு பார்ப்போம் என்று நான் ஒரு வருடமாகக் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தசராவுக்கு முந்தின வாரம் அது நங்கையாவின் காதுக்குப் போய்விட்டது. பெரிய சண்டை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள்.

“போறவ போ. உன்ன இங்க ஆரும் கட்டிப் போடல,” என்றார்.

அதன்பின் மூன்று நாள் நாங்கள் பேசவில்லை. ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போனோம், வேறு வேறு சீட்டில் உட்கார்ந்தோம்.

மூன்றாம் நாள்தான் அது நடந்தது. தசராவை ஒட்டிப் பழைய வண்டிகளின் ஊர்வலம் ஒன்று நடக்க இருந்தது. எங்கள் ஷெட்டிலிருந்து ஐந்து வண்டிகள் போக வேண்டும். காலையில் இரும்பு மெஷினின் மோட்டார் காயில் எரிந்து அது நின்றுவிட்டது. சாயங்காலம் ஒரு வண்டிக்குச் சொந்தக்காரர் வருகிறார், அவருடைய வண்டியின் உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர் மட்டும் துருவோடு கிடந்தது. சாப்பாட்டுக்குப் பின் முதலாளி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நங்கையாவிடம் வந்தார். அவர் கத்துகிற முதலாளி இல்லை. எப்போதும் மரியாதையாகப் பேசுபவர்.

“ஒந்தே நிமிஷத கெலசா அக்கா, மாட்பிடி,” என்றார். ஒரு நிமிட வேலைதான், முடித்துவிடுங்கள்.

நங்கையா சுவரிலிருந்த எழுத்தைக் காட்டினார். முதலாளி சிரித்துக்கொண்டே, எழுதவைத்தது நீங்கள்தானே, ஒரு நிமிடம் நீங்களே அழித்துவிடுங்கள் என்றார். பெட்டியிலிருக்கும் தூசியை வாரிவிட்டு வைக்கிறேன் என்றார் நங்கையா. இப்போது அதற்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார் அவர். நங்கையா என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பேச்சு இருந்த நாளாக இருந்தால் ‘வேண்டாம் நங்கையா’ என்று சொல்லியிருப்பேன். இரண்டே சொல். நான் டப்பைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அந்த மெஷினின் மறு பக்கத்தில் எமரி ஒட்டிய சக்கரம் ஒன்று உண்டு. அதில் கிக்கரை வைத்தார். பொறி மஞ்சளாகக் கீழே கொட்டியது. முதலாளிக்குப் போன் வந்து, பேசிக்கொண்டே வெளியே போனார். அவர் வாசல் தாண்டியிருக்க மாட்டார், பெட்டியின் வாயில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது நகர்ந்தது, அகன்றது. நங்கையா கிக்கரைப் போட்டுவிட்டு மண்டியிட்டு, மணல் வாளியை இழுத்துக் கையால் அள்ளி அள்ளிப் போட்டார். வாளியில் பாதிதான் மணல் இருந்தது. மற்றவர்கள் வெளியே ஓடினார்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது, மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. நங்கையா திரும்பி என்னைப் பார்த்துக் கத்தினார். எனக்குக் கேட்டது சொல்லின் வால் மட்டும். மண்ணு என்றாரா, தண்ணி என்றாரா? ஷெட் வாசலில் கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் குவியலாகக் கிடந்தது. என் காலடியில் தண்ணீர் வாளி இருந்தது. காலடியில் இருந்ததை நான் தூக்கினேன்.

ஊற்றியதும் கண் கூசும் வெள்ளையாக ஒரு வெளிச்சம். சத்தம் வந்ததா என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. நங்கையாவின் இரண்டு கைகளும், கழுத்தும், வலது கன்னமும் வெந்துபோயின. சேலைக்கு மேல் எப்போதும் ஆண்கள் சட்டை ஒன்றைப் போட்டு, பொத்தான் எல்லாம் மாட்டி, முந்தானையை உள்ளே செருகியிருப்பார். அந்தத் தடிச் சட்டைதான் மார்பைக் காப்பாற்றியது என்று டாக்டர் பிறகு சொன்னார். வெல்டிங் செய்பவர் சாக்கோடு திரும்பி ஓடி வந்து அதை அவர்மேல் சுற்றி இழுத்துக்கொண்டு போனார். நான் காலி வாளியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். யாரோ வந்து என் விரல்களைப் பிரித்து அதை வாங்கினார்கள்.

ஒரு பெண் தீக்காயத்தோடு வந்தால் ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்காமல் விடாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வீட்டில் யார் யார், யாரோடு யாருக்குத் தகராறு, எல்லாம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் போய்க் கேட்டிருக்கிறார்கள். அவர்களும் காதில் விழுந்ததைச் சொல்லியிருக்கிறார்கள். சண்டை போட்டவளும் நான், வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான். வார்டுக்கு வெளியே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வந்து, “என்னடி ஆச்சு?” என்று கேட்டார். அவர் கேட்டது அவருடைய அக்காவைப் பற்றித்தான் என்றாலும், அந்தக் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டாம் நாள் முதலாளி வந்தார். கொண்டுவந்த பழங்களைக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். குனிந்து மெதுவாகப் பேசினார். சேலை மெஷினில் மாட்டித் தீப்பிடித்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள் அக்கா, விபத்தாகப் போய்விடும் என்றார். இரும்பு, மெஷின் என்று பேச்சை எடுத்தால், தண்ணீர் ஊற்றியது யார் என்ற கேள்வியும் கூடவே வரும், இவர்களுக்குத்தான் கஷ்டம் என்றார். என்னைப் பார்க்காமலே கையால் என்னைக் காட்டினார். நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

மறுநாள் பெண் போலீஸ் ஒருவர் நோட்டோடு வந்தார். நங்கையாவின் உதடு வீங்கியிருந்தது. முந்தானை மெஷினில் மாட்டித் தீப்பிடித்துவிட்டது, யார்மேலும் தப்பில்லை என்று ஒவ்வொரு சொல்லாகக் கன்னடத்தில் சொன்னார். கைவிரல்கள் எல்லாம் கட்டுக்குள் இருந்ததால் ரேகைக்கு, கால் பெருவிரலில் மை தடவி வாங்கிக்கொண்டு போனார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்காக அவர் சொன்ன பொய் முதலாளியையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது என்பது அப்போதே எனக்குப் புரிந்தது. புரிந்தும் எனக்கு உயிர் வந்த மாதிரிதான் இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்குக் கூட்டி வந்தோம். தோல் இழுத்துக்கொண்டு விரல்கள் உள்ளங்கையை நோக்கி மடங்கிவிட்டிருந்தன. ஊட்டுவது, தலை சீவுவது, குளிப்பாட்டுவது, கழுவி விடுவது எல்லாம் நான்தான். தனி வீட்டுப் பேச்சு எங்கள் வாயில் வரவே இல்லை. நங்கையா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. குழம்பில் உப்புக் கரித்தாலும் கொடுத்ததை விழுங்கினார். சூடாக இருந்தாலும் சொல்லாமல் விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் வர உட்கார்ந்திருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருநாள் மருந்து வாங்கப் போனவள், எங்கள் நிறுத்தத்தில் இறங்காமல் பஸ் போய்ச் சேர்ந்த கடைசி நிறுத்தம்வரை போய்விட்டேன். அங்கே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். திரும்பிப் போகாமலே இருந்துவிடலாம் என்று தோன்றியது. எங்கே போவது என்று தெரியவில்லை, இருக்கக் கூடாது என்று மட்டும் தோன்றியது. வெயில் ஏற ஏற, அவர் இன்னும் சாப்பிட்டிருக்கமாட்டார், யாரும் ஊட்டியிருக்கமாட்டார்கள் என்ற நினைப்பு வந்தது. அதுதான் என்னை எழுப்பி பஸ் ஏற்றியது.

வேறு வேலை அமையாமல் அதே ஷெட்டுக்கே திரும்பிப் போனேன். அது எனக்கே கூசியது. நங்கையாவின் இடத்தில் குண்டலுபேட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள், என் வயதுதான் இருக்கும். சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள், பழைய எழுத்து இல்லை. ஷெட்டில் ஒரு புதுச் சட்டம் வந்திருந்தது, பெண்கள் சேலை கட்டக் கூடாது, சுடிதார்தான் போட வேண்டும். அந்தப் பெண் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் சொன்னாள், “பாவம் அந்த அக்கா, சேலையால கெட்டாங்க. எனக்கு அந்தப் பயமில்லை.” நான் கழுவிக்கொண்டிருந்த மூடி கையிலிருந்து நழுவி டப்புக்குள் விழுந்தது. நாங்கள் சொன்ன பொய்யை இந்தப் பெண் உண்மை என்று நம்பி அந்த மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். சொன்னால் தண்ணீரையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆறு வாரம் போக்கினேன்.

பிறகு ஒருநாள் காலை, இரும்பு மெஷினில் வேறு வேலை ஓடிக்கொண்டிருந்தபோது, முதலாளி ஒரு பிரேக் கம்பியோடு அந்தப் பெண்ணிடம் வந்தார். ‘ஒந்தே நிமிஷ’ என்று அவர் ஆரம்பித்தது என் காதில் விழுந்தது. நான் எழுந்து ஈரக் கையோடு போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். கம்ப்ரஸர், மெஷின், விளக்கு, ரேடியோ எல்லாம் ஒன்றாக நின்றன. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“சீரே அல்லா சார்,” என்றேன். சேலை இல்லை. “கப்பிணா.” இரும்பு.

அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறி எப்படி விழுந்தது, தூசி எப்படிப் பிடித்தது, தண்ணீரை ஊற்றியது நான்தான் என்பது வரை. அவள் கையிலிருந்த கம்பியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, இரண்டு அடி பின்னால் போய் நின்றாள். முதலாளி அப்போதும் கத்தவில்லை. வீட்டுக்குப் போங்கள், இனி வர வேண்டாம் என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. விசாரித்து விசாரித்து, தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அதிகாரியின் ஆபீஸுக்குப் போனேன். வாசலில் மனு எழுதித் தருபவரிடம் சொல்லச் சொல்ல, அவர் கன்னடத்தில் எழுதினார். தண்ணீர் வரும் இடத்தில் பேனாவை நிறுத்தி, இதையும் எழுதட்டுமா அம்மா என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.

விசாரணைக்கு வரச் சொல்லி வீட்டுக்கு நோட்டீஸ் வந்தபோதுதான் நங்கையாவுக்குத் தெரிந்தது.

“ஆரக் கேட்டுப் போன? உன்னப் புடிச்சு உள்ள வெச்சுட்டா என்னைய ஆரு பாக்கறது? அதுக்காவது ரோசன பண்ணோணுமா இல்லியா?” என்று கத்தினார். அன்று ராத்திரி நான் ஊட்டியதைச் சாப்பிடவில்லை. கணவர் ஊட்டினார்.

விசாரணை நாளன்று மூவரும் போனோம். அதிகாரி வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். என் மனுவைப் படித்தார், பிறகு ஆஸ்பத்திரியில் நங்கையா கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தார். முதலாளி எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “சொல்லம்மா, எது நிஜம்?” என்று கன்னடத்தில் கேட்டார் அதிகாரி. நங்கையா மடங்கிப்போன கைகளைச் சேலைக்குள்ளிருந்து வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். அதுவரை வெளியில் யார் முன்னாலும் அவர் அந்தக் கைகளைக் காட்டியதில்லை.

“இவள் சொல்வதுதான் நிஜம்,” என்று கன்னடத்தில் சொன்னார். “நான் அன்று சொன்னது பொய். முந்தானையை நான் வெளியே விட்டதே இல்லை. இரும்பை அந்த மெஷினில் வைத்தது நான், வைக்கச் சொல்லி நின்றது இவர்.” பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார், ஒன்று மட்டும் இவள் சரியாகச் சொல்லவில்லை, தண்ணீரை இவளாக ஊற்றவில்லை, தண்ணி தண்ணி என்று தமிழில் கத்தினது நான்தான், பயத்தில் எனக்கே எல்லாம் மறந்துவிட்டது.

அதிகாரி என்னைப் பார்த்தார். அப்படிக் கத்தினாரா என்று கேட்டார். எட்டு வருடம் அந்தத் தூசியோடு இருந்தவர், மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர், தண்ணீர் கேட்டிருப்பாரா? “கத்தினார்,” என்றேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பஸ்ஸில் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தோம். எங்கள் நிறுத்தம் நெருங்கியபோது கேட்டே விட்டேன்.

“அன்னைக்கு என்னன்னு கத்துனீங்க நங்கையா? மண்ணா, தண்ணியா?”

“மண்ணோ தண்ணியோ. எல்லாரும் வெளிய ஓடுனப்ப நீ மட்டும் எங்கிட்ட ஓடியாந்த. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்,” என்றார். “இன்னொருக்கா இதக் கேட்டீனா பாரு. கை இருந்தா இந்நேரம் முதுகுல ஒண்ணு வெச்சிருப்பேன்.”

ஷெட்டைச் சில வாரம் மூடி வைத்தார்கள். இப்போது திறந்திருக்கிறது. இரும்பு மெஷினைத் தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள், வாசலில் மணல் தொட்டி கட்டியிருக்கிறார்கள் என்று வெல்டிங்காரர் சொன்னார். நஷ்டஈட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. முடியும் என்ற நம்பிக்கை எங்களில் யாருக்கும் பெரிதாக இல்லை. எஞ்சின் சாமான் கழுவும் வேலைக்கு இந்த ஊரில் என்னை இனி யாரும் எடுக்கமாட்டார்கள். கல்யாண மண்டபம் ஒன்றில் பாத்திரம் தேய்க்கிறேன். நங்கையாவின் கைகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தினமும் விரல்களை நீவி நிமிர்த்தினால் ஒரு டம்ளர் பிடிக்கும் அளவுக்காவது வரலாம் என்று டாக்டர் சொல்கிறார். வராமலும் போகலாம் என்று அவரே சொல்கிறார்.

காலையில் வேலைக்குப் போகுமுன் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கிக்கொண்டு அவர் முன்னால் உட்காருவேன். ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்த வேண்டும். உயிர் போகிற வலி. “சண்டாளி, மெதுவா, ஒடிச்சுப்புடாத. உங்காத்தா உன்ன இப்படியா வளத்தா?” என்று தெருவுக்குக் கேட்கத் திட்டுவார். காபியில் சர்க்கரை குறைவு, நேற்றுக் குழம்பில் புளி அதிகம் என்று அதையும் இடையிடையே சேர்த்துக்கொள்வார். நான் நிறுத்துவதில்லை. வலது கை முடிந்ததும் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, இடது கையைத் தானே எடுத்து என் மடியில் வைப்பார்.